ஒற்றைக் காலில் நின்ற கண்ணாடிக்கடைக்காரர்

அன்பரே, நெஞ்சில் கைவைத்து ஒன்று சொல்லுங்கள். உங்கள் மனைவிக்குத் தெரியாமல் நீங்கள் கடைசியாகச் செய்த காரியம் எது? நினைவுக்கு வந்துவிட்டதா? நல்லது. இப்போது இரண்டாவது கேள்வி. அது அவருக்குத் தெரியாது என்று உங்களுக்கு எப்படித் தெரியும்?

முதல் கேள்விக்குப் புன்னகை செய்கிற பெரியவர்கள் எல்லாரும் இரண்டாவது கேள்வி வந்தவுடன் தரையைப் பார்க்கத் தொடங்குகிறார்கள். அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. உரிய காலத்தில் அந்த இரண்டாவது கேள்வியைக் கேட்க ஆளில்லாமல் போன ஒருவரின் கதையைத்தான் இங்கே சொல்லப் போகிறேன். சிரிப்பு வந்தால் தாராளமாகச் சிரியுங்கள். சிரித்து முடித்த பிறகு உங்களுக்கு ஒரு வேலை காத்திருக்கிறது.

அவர் மூக்குக்கண்ணாடிக்கடை வைத்திருப்பவர். வயது நாற்பத்து மூன்று. ஊரார் கண்களையெல்லாம் கால் புள்ளி, அரைப் புள்ளி என்று பிசகாமல் அளந்து கண்ணாடி மாட்டி அனுப்புகிறவர். சுவரில் தொங்கும் எழுத்துப் பலகையில் கடைசி வரி கண்ணுக்குத் தெரியாதவர்கள்தாம் அதை மிகவும் உரக்கப் படிப்பார்கள் என்பது அவர் தம் தொழிலில் கண்ட உண்மை. தாமும் அந்த உரக்கப் படிக்கிற கூட்டத்தைச் சேர்ந்தவர் என்பது மட்டும் அவர் காணாத உண்மை.

கடைக்கு அடுத்தபடியாக அவர் உயிரை வைத்திருந்தது கராத்தேயில். பதினோரு ஆண்டுப் பயிற்சி. இடுப்பில் பிரவுன் பெல்ட். பிளாக் பெல்ட் பரீட்சையை இரண்டு முறை எழுதி, இல்லை, உதைத்து, இரண்டு முறையும் தவறியிருந்தார். எல்லாவற்றையும் குறைவறச் செய்துவிட்டுக் கடைசி உருப்படியில் கவிழ்வார். இடது காலில் நின்று, வலது காலைப் பக்கவாட்டில் மெதுவாக உயர்த்தி உதைத்து, மாஸ்டர் ஐந்து எண்ணும் வரை அப்படியே நிற்க வேண்டும். அவ்வளவுதான். ஒன்று என்னும்போது நம்மவர் தூண். இரண்டுக்குக் கொடிக்கம்பம். மூன்றுக்குக் கொடி. நான்குக்குத் தரைவிரிப்பு.

அவருடைய வீட்டில் முன்னறை ஒன்று இருந்தது. இரண்டு ஜன்னல்கள்; காலை முதல் மாலை வரை நல்ல வெளிச்சம். அந்த அறையின் நட்டநடுவே கூரையிலிருந்து, உதைத்துப் பழகுவதற்கான ஒரு குத்துமூட்டை தொங்கியது. அவருடைய மனைவியோ தையல்காரர். தையல் மிஷின் இருந்த இடம், சமையலறைக்கும் குளியலறைக்கும் நடுவே ஆள் திரும்ப இடமில்லாத நடை. பட்டப்பகலில் விளக்கைப் போட்டுக்கொண்டு தைப்பார். சட்டை போட்டுப் பார்க்க வருகிறவர்கள் ஃபிரிட்ஜுக்கும் வாஷிங் மிஷினுக்கும் இடையில் நின்று, வயிற்றை எக்கியபடி போட்டுப் பார்ப்பார்கள். வெளியே வந்து மூச்சு விட்ட பிறகுதான் சட்டை இறுக்கம் என்பது தெரியும். தைத்த துணியை மாட்டி அழகு பார்க்கும் பொம்மை ஒன்று மட்டும், நடையில் இடமில்லாததால், முன்னறையின் ஒரு மூலையில் ஒண்டிக்கொண்டு நின்றது.

இரண்டாம் முறை தவறிய அன்று மாலை, கண்ணாடிக்கடைக்காரர் முன்னறைக்குள் புகுந்து கதவைச் சாத்தினார். ஆத்திரத்தோடு வலது காலைத் தூக்கினார். தாமே எண்ணினார். மூன்று வரை கேட்டது. அப்புறம் வேறு சத்தம் கேட்டது.

மனைவி கழுத்தில் இஞ்சு டேப்போடு ஓடி வந்தார்.

"என்னங்க, விழுந்தது நீங்களா, பொம்மையா?"

"ரெண்டு பேரும்தான்."

"உங்களுக்கு ஒண்ணும் ஆகலையே?"

"ஆகல."

"பொம்மைக்கு?"

"கால் போச்சு."

மனைவி குனிந்து பொம்மையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். அதன் ஒற்றைக் கால் இரண்டாக முறிந்திருந்தது.

"பாவம். எட்டு வருஷமா இந்த மூலையில ஆடாம அசையாம நின்னுச்சு. ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசினதில்ல. பல்லு குத்திக்கிட்டே டிவி பார்த்ததில்ல."

"யாரைச் சொல்றே?"

"பொம்மையைச் சொன்னேங்க."

"வேற வாங்கித் தர்றேன், விடு."

"வேற பொம்மை வேண்டாங்க. அது நிக்க இடம் கொடுங்க. இந்த அறையில நீங்க ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம் உதைக்கிறீங்க. மிச்சம் இருபத்து மூணு மணி நேரம் அந்த மூட்டை சும்மா காத்து வாங்குது. நான் அங்க இருட்டுல கறுப்புத் துணிக்குக் கறுப்பு நூல் கோத்துக்கிட்டிருக்கேன்."

"இது பயிற்சி அறைம்மா. பயிற்சி பண்ற இடத்துக்குன்னு ஒரு மரியாதை இருக்கு."

"சரி, ஒரு பந்தயம் வச்சுக்கலாம். இன்னும் நாலு மாசத்துல உங்களுக்கு மூணாவது தடவை பரீட்சை இருக்கு. அதுல தேறிட்டீங்கன்னா மூட்டை இங்கேயே தொங்கட்டும். அந்த மூட்டையை நான் தொடமாட்டேன். தேறலைன்னா, கழட்டிப் போட்டுட்டு மிஷினை ஜன்னல் பக்கத்துல கொண்டாந்து வச்சிடுவேன். சம்மதமா?"

தோற்றுவிட்டு வந்த மனிதனிடம் பந்தயம் பேசினால் அவன் மலையையே வைத்து ஆடுவான். கண்ணாடிக்கடைக்காரர் நெஞ்சை நிமிர்த்தினார்.

"சம்மதம்! கேட்டுக்கோ. பிளாக் பெல்ட் வாங்காம இந்த மூட்டையை என் கையால கழட்ட மாட்டேன்!"

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. உங்க கையாலயா?"

"என் கையால!"

"சரிங்க" என்றார் மனைவி.

இந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்தி ஒன்று சொல்ல வேண்டும். மனைவி சண்டை போட்டால் அஞ்ச வேண்டாம்; சண்டையில் அவர் மனத்தில் உள்ளது வெளியே வந்துவிடுகிறது. அழுதாலும் அஞ்ச வேண்டாம். "சரிங்க" என்று அமைதியாகச் சொல்லிவிட்டு உள்ளே போனால்தான், அன்பரே, நாம் உட்கார்ந்து யோசிக்க வேண்டும். கண்ணாடிக்கடைக்காரர் யோசிக்கவில்லை. முழங்காலுக்குத் தைலம் தேடப் போனார்.

நான்கு நாள் கழித்துக் கராத்தே மாஸ்டர் அவரைத் தனியே அழைத்தார். மாஸ்டர் குள்ளமானவர், குரலை உயர்த்திப் பேசியே அறியாதவர். அன்று புத்தம் புதிதாக ஓரம் மடித்துத் தைத்த வெள்ளை யூனிபார்மில் பளிச்சென்று இருந்தார்.

"உங்க கால்ல பலம் இருக்கு. நிலைதான் இல்ல. போய் பாலே கத்துக்குங்க."

"எது மாஸ்டர்?"

"பாலே. டான்ஸ்."

"மாஸ்டர், நான் எதிரியை உதைக்கணும். அவன் முன்னாடி ஆடிக் காட்டச் சொல்றீங்களா?"

"பாலே ஆடுறவங்க ஒரு கால் விரல் நுனியில நின்னுக்கிட்டு சிரிக்கிறாங்க. நீங்க முழுப் பாதத்தையும் ஊணி நின்னு மூணு எண்ண முடியல. எதிரி எதுக்கு? நீங்களே விழுந்துடுறீங்க. உங்களுக்கு வலது இடுப்பு தூக்கியிருக்கு. அதான் கோளாறு. கம்பியைப் பிடிச்சு நாலு மாசம் நின்னீங்கன்னா சரியாயிடும்."

"வலது இடுப்பா? பதினோரு வருஷமா இதை நீங்க சொன்னதில்லையே மாஸ்டர்?"

மாஸ்டர் தம் புதிய மடிப்பைத் தடவிப் பார்த்துக்கொண்டார். "இப்பத்தான் தெரிஞ்சது" என்றார்.

யோசனை நல்ல யோசனைதான். அதை வீட்டில் எப்படிச் சொல்வது? ஆறு மாதம் முன்பு மனைவி வலைத்துணியில் அடுக்கடுக்காக விரிந்த குட்டைக் கவுன் ஒன்றைத் தைத்துக்கொண்டிருந்தபோது, அதை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்து, "இது என்ன, கொசுவலையா?" என்று கேட்டவர் அவர். பாலே ஆடுகிறவர்கள் போட்டுக்கொள்வது என்று மனைவி சொன்னபோது, "கொசுவலையைக் கட்டிக்கிட்டுக் கொக்கு மாதிரி நிக்கிறதுக்கு ஒரு வகுப்பு, அதுக்கு ஒரு டீச்சர்!" என்று விழுந்து விழுந்து சிரித்தவரும் அவரே. யாருக்குத் தைக்கிறாய் என்று மட்டும் அவர் கேட்கவில்லை. கல்யாணமாகி இருபது ஆண்டுகளில் ஒரு நாளும் கேட்டதில்லை.

ஆகவே சொல்லவில்லை. வெட்கம் ஒரு வேலைக்காரனைக் கூட்டி வரும். அவன் பெயர் பொய். ஒரு நாள் வேலைக்கு என்றுதான் வருவான். பிறகு வீட்டைவிட்டுப் போகவே மாட்டான்.

"லென்ஸ் வெட்டுற மிஷின் தகராறு பண்ணுது. திங்களும் வியாழனும் வர லேட்டாகும்."

"திங்களும் வியாழனும் மட்டும்தான் தகராறு பண்ணுமா?"

"ஆமா. மிச்ச நாள்ல ஒழுங்கா ஓடும்."

"பாவம், கட்டுப்பாடான மிஷின்" என்றார் மனைவி.

சலவைக்கடைக்கு மேல் மாடியில் நடந்தது அந்தப் பாலே வகுப்பு. பெரியவர்களுக்கான தொடக்கப் பிரிவு. ஐந்து பெண்கள், ஆறாவதாக நம்மவர். டீச்சர் நெடிய உருவம். முதுகில் அடிகோலைச் செருகியவர்போல் நடப்பார். முதல் நாளே சொன்னார்:

"இந்தத் தொளதொள பேண்ட் வேண்டாம். கால் தெரியணும். இழுத்தா நீளுற துணியில ஒண்ணு தைச்சு வைக்கிறேன்."

"இடுப்பளவு சொல்லட்டுமா டீச்சர்?"

"வேண்டாம். என் டைலர் கெட்டிக்காரங்க. ஆள் எப்படி இருப்பார்னு சொன்னாலே போதும், தைச்சிடுவாங்க."

வியாழக்கிழமை பேண்ட் வந்தது. போட்டுப் பார்த்தார், உடம்போடு பிறந்ததுபோல் ஒட்டிக்கொண்டது. வலது இடுப்பில் அரை அங்குலம் ஏற்றித் தைத்திருந்தது. "ஆச்சரியமா இருக்கே டீச்சர்! என் மனைவி தைக்கிற பேண்ட் மாதிரியே கச்சிதம்!" என்று வியந்தார். தொழில் தெரிந்தவர்கள் கை எல்லாம் ஒன்றுபோலத்தான் இருக்கும் என்று அதற்கு ஒரு தத்துவமும் கண்டுபிடித்தார்.

மனைவியின் கண்ணில் படாமல் கடைத்தெருவைக் கடந்துவிட எண்ணிய ஒருவன், குடையைத் தாழ்த்தி முகத்தை முழுக்க மறைத்துக்கொண்டு அவள் பக்கத்திலேயே நடந்து போனானாம். குடை கிழிந்தபோது ஒட்டுப் போட்டவள் அவள். மஞ்சள் துணியில், முக்கோணமாக. அவள் திரும்பிப் பார்த்துவிட்டு, "வரும்போது சோப்பு வாங்கிட்டு வாங்க" என்றாளாம். நாம் எதை வைத்து மறைகிறோமோ, அதைத் தைத்துக் கொடுத்தவர் யார் என்று ஒரு முறை எண்ணிப் பார்ப்பது நலம்.

வகுப்பு எளிதாக இல்லை. ஒரு கையால் சுவரோரக் கம்பியைப் பிடித்து, குதிகால் இரண்டையும் ஒட்டி, பாதங்களைக் கடிகாரத்தில் பத்து மணி பத்து நிமிடம்போல் விரித்து வைத்து, முழங்காலை மடக்கி எழ வேண்டும்.

"வயிறு உள்ளே" என்பார் டீச்சர். "பின்பக்கமும் உள்ளே."

"ரெண்டும் ஒரே நேரத்துல உள்ளே போனா எங்க டீச்சர் போய்ச் சேரும்?"

"மேல போகும். வளருங்க. முகத்தை ஏன் சண்டைக்குப் போற மாதிரி வச்சிருக்கீங்க?"

"நான் சண்டைக்குப் போறவன்தான் டீச்சர்."

"அப்போ சிரிச்சுக்கிட்டே போங்க. எதிரி குழம்பிடுவான்."

மூன்றாம் வாரம் அவர் ஒற்றைக் காலில் மூன்று எண்ணும் வரை நின்றார். ஐந்தாம் வாரம் நான்கு. உடம்பு புதுப் பாடத்தைப் பிடித்துக்கொண்டது. கடையில் மேல்தட்டிலிருந்து பிரேம் எடுக்கும்போது விரல் நுனியில் எழுந்தார். வீட்டில் பல் துலக்கும்போது பாதங்கள் தாமாகப் பத்து மணி பத்து நிமிடம் காட்டின. மனைவி அந்தப் பாதங்களைப் பார்த்தார், சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார், தையலுக்குத் திரும்பினார். கண்டுகொள்ளவில்லை என்று இவர் மகிழ்ந்தார்.

"வாரத்துல ரெண்டு நாள் பத்தாது" என்றார் டீச்சர். "வீட்டுல தினமும் நிக்கணும். இடுப்பு உயரத்துல ஒரு கம்பி, எதிர்ல ஆளுயரக் கண்ணாடி. நல்ல வெளிச்சம். காலை வீசுறதுக்கு அறை நடுவுல எதுவும் இருக்கக் கூடாது."

அறை நடுவே மூட்டை இருந்தது. காலை வீசினால் மூட்டையில் இடித்தது. இரண்டு நாள் அதையே முறைத்துப் பார்த்தார். மூன்றாம் நாள் ஒரு வழக்கறிஞரைப்போல் வாதாடித் தமக்குத் தாமே தீர்ப்பு எழுதிக்கொண்டார். கழற்றினால்தானே தவறு? சிறிது காலம் பரணில் ஓய்வெடுக்க வைத்தால்? ஞாயிற்றுக்கிழமை, தைத்த துணிகளைக் கொடுக்க மனைவி வெளியே சென்றிருந்த வேளையில், முக்காலியில் ஏறித் தம் கையால் மூட்டையை இறக்கிப் பரணில் ஏற்றினார். சுவரில் துளையிட்டு ஏழடிக் கம்பியைப் பொருத்தினார். கடைக்குக் கண்ணாடி அனுப்புகிறவரிடம் சொல்லி வரவழைத்த ஆளுயரக் கண்ணாடியை எதிர்ச்சுவரில் நிறுத்தினார். மங்கலான பல்பை எடுத்துவிட்டு நீளமான வெள்ளை விளக்கை மாட்டினார். ஸ்விட்சைப் போட்டுத் திரும்பினால், வாசலில் மனைவி.

"என்னங்க இது?"

கையில் டிரில்லிங் மிஷின். தலையெல்லாம் சுண்ணாம்புத் தூள். அந்த நேரத்தில் "பாலேக்கு" என்று ஒரே ஒரு சொல் சொல்லியிருந்தால் இந்தக் கதை இங்கேயே சுபமாக முடிந்திருக்கும். பொய் என்கிற அந்த வேலைக்காரன் முந்திக்கொண்டான்.

"உனக்குத்தான்!"

"எனக்கா?"

"பின்னே? தைச்ச துணியை மாட்டக் கம்பி. போட்டுப் பார்க்கக் கண்ணாடி. பொம்மையை உடைச்சேன்ல. மனசு கேக்கல."

மனைவி மெதுவாக உள்ளே வந்தார். கம்பியைத் தொட்டார். கண்ணாடியில் தம்மைத் தலைமுதல் கால்வரை பார்த்துக்கொண்டார்.

"கம்பி ரொம்பத் தாழ்வா இருக்கே? நீளமான கவுன் மாட்டினா தரையில புரளுமே."

"அது... குட்டைக் கவுன் மாட்டுறதுக்குன்னு நினைச்சேன்."

"ஓ. கொசுவலைக்கு."

"ஆமாமா. கொசுவலைக்கு."

"இவ்வளவு யோசிச்சுச் செஞ்சிருக்கீங்க. மூட்டை எங்க?"

"மேல. ஓய்வு எடுக்குது. பரீட்சை வரைக்கும் காலையில மட்டும் நான் இங்க லேசாப் பயிற்சி பண்ணிக்கறேன். அப்புறம் பார்த்துக்கலாம்."

"சரிங்க" என்றார் மனைவி.

இரண்டாவது "சரிங்க". கண்ணாடிக்கடைக்காரரோ உள்ளுக்குள் கணக்குப் போட்டுப் பூரித்தார். பரீட்சையில் தேறினால் பந்தயப்படி அறை தமக்குத்தானே! அதுவரை மனைவியும் மகிழ்ந்திருப்பாள், இரகசியமும் இரகசியமாகவே இருக்கும். ஒரே பொய்யில் இரண்டு ஆதாயம்.

மறுநாள் காலை கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒரு காலைப் பின்னால் தூக்கி நின்றபோது, எதிர்வீட்டில் குடியிருக்கும் ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார்.

"சார், நாய் வாங்கப் போறீங்களா?"

"இல்லையே. ஏன்?"

"இல்ல, காலைத் தூக்கி அதுக்குச் சொல்லிக் கொடுக்கப் பழகுறீங்களோன்னு பார்த்தேன்."

"இது கராத்தே சார்!"

"அப்படியா? விரலையெல்லாம் பூ மாதிரி வச்சிருக்கீங்களே, அடி வாங்குறவனுக்கு வலிக்கக் கூடாதுன்னா?"

அன்றே மனைவியிடம் ஒரு திரை வேண்டும் என்றார். கேட்டு வாய் மூடுவதற்குள், வளையங்கள் கோத்து இஸ்திரி போட்ட கனத்த திரை ஒன்று வந்து நின்றது. ஜன்னலுக்கு மட்டுமல்ல, அறையில் ஒரு மூலையையே மறைக்கும் அளவுக்கு நீளம். "இவ்வளவு சீக்கிரம் எப்படித் தைச்சே?" என்று கேட்டார். "முன்னாடியே தைச்சு வச்சிருந்தேங்க. எதுக்காவது ஆகும்னு" என்றார் மனைவி.

பரீட்சை நாள் வந்தது. மாஸ்டர் வரிசையாக எல்லாவற்றையும் செய்யச் சொல்லிக் கடைசி உருப்படிக்கு வந்தார். கண்ணாடிக்கடைக்காரர் வயிற்றை உள்ளே இழுத்தார். வளர்ந்தார். வலது கால் எழுந்தது, ஓசையின்றி நீண்டது, காற்றில் நின்றது. ஒன்று. இரண்டு. மூன்று. நான்கு. ஐந்து. கால் இறங்கவில்லை. முகத்தில் ஒரு புன்னகை மலர்ந்தது. எட்டுக்குப் பிறகு மாஸ்டரே சொன்னார்: "போதும், இறக்குங்க. பரீட்சை முடிஞ்சு போச்சு."

இடுப்பில் பிளாக் பெல்ட்டோடு தெருவெல்லாம் நடந்து வந்து, முன்னறைக் கதவைத் தள்ளித் திறந்தார்.

ஜன்னலருகே தையல் மிஷின் இருந்தது. கம்பி முழுக்க ஏழு வெள்ளைக் கொசுவலைகள் வரிசையாகத் தொங்கின. மூலையில் திரை இழுத்துவிடப்பட்டு, துணி மாற்றும் அறையாகியிருந்தது. ஆளுயரக் கண்ணாடி முன்னால், முதுகில் அடிகோல் செருகியதுபோல் பாலே டீச்சர் நின்றார். அவர் காலடியில், வாயில் குண்டூசிகளோடு, மனைவி.

"வாங்க" என்றார் டீச்சர், திரும்பாமலே கண்ணாடியில் பார்த்து. "வயிறு உள்ளே."

கண்ணாடிக்கடைக்காரருக்கு வயிறு, பின்பக்கம், நாக்கு எல்லாம் ஒரே நேரத்தில் உள்ளே போயின. இருந்தாலும் கடைசி வரியை உரக்கப் படித்துப் பார்த்தார்.

"இவங்க யாரும்மா? நான் பார்த்ததே இல்லையே?"

"எனக்குத் துணி கொடுக்கிறவங்க. எட்டு வருஷமா." மனைவி குண்டூசியை எடுத்தார். "இவர் எங்க வீட்டுக்காரர் டீச்சர். கண்ணாடிக்கடை. கராத்தேன்னா உயிர். பாலேன்னா பிடிக்கவே பிடிக்காது."

"பார்த்தா தெரியுது" என்றார் டீச்சர்.

"அது இருக்கட்டும். நான் தேறிட்டேன்! பந்தயத்துல ஜெயிச்சது நான். மிஷின் ஏன் இங்க வந்துச்சு?"

"தேறிட்டீங்களா!" மனைவி எழுந்து வந்து அந்தக் கறுப்புப் பட்டையை ஆசையாகத் தடவினார். அந்த மகிழ்ச்சியில் கலப்படமே இல்லை. "எனக்குத் தெரியுங்க, தேறுவீங்கன்னு. பந்தயம் என்ன? நீங்க தேறிட்டா நான் மூட்டையைத் தொடமாட்டேன். தொட்டேனா?"

"இல்ல."

"அப்போ மூட்டையை யார் கழட்டினது?"

"நான்தான்."

"யார் கையால?"

கண்ணாடிக்கடைக்காரர் தம் கையைப் பார்த்தார்.

"என் கையால."

"கம்பியும் கண்ணாடியும் யாருக்குன்னு சொன்னீங்க?"

"உனக்குன்னு."

"பொண்டாட்டிக்கு ஆசையாக் கொடுத்ததைத் திரும்பக் கேக்குற ஆளா நீங்க?"

தப்பிக்க ஒரே வாசல்தான் இருந்தது. நான்கு மாதமாக அவர் பூட்டி வைத்திருந்த வாசல். மூச்சை இழுத்து, நிமிர்ந்து நின்று, அவர் அதைத் திறந்துவிட்டார். அதற்காக அவரைப் பாராட்ட வேண்டும்.

"அந்தக் கம்பி உனக்கு இல்ல. எனக்கு! நான் பாலே கத்துக்கறேன்! நாலு மாசமா! லென்ஸ் மிஷின் கெட்டே போகல!"

மனைவி ஊசியில் நூல் கோத்து முடித்தார். ஜன்னல் வெளிச்சத்தில் ஒரே முயற்சியில் கோத்தார்.

"தெரியுங்க."

"தெரியுமா! எப்போலேருந்து?"

"நீங்க சேர்றதுக்கு நாலு நாள் முன்னாடிலேருந்து."

"அது எப்படிம்மா?"

"இருபது வருஷமா உங்க பேண்ட்டுல வலது பக்கம் அரை அங்குலம் ஏத்தித் தைக்கிறேன். எந்த இடுப்பு தூக்கியிருக்குன்னு எனக்குத் தெரியாதா? நீங்க பொம்மை மேல விழுந்த மறுநாள் மாஸ்டர் யூனிபார்ம் ஓரம் தைக்கக் கொண்டு வந்தார். இடுப்பைப் பத்திச் சொன்னேன். நேராக்க என்ன வழின்னு டீச்சரைக் கேட்டேன். அப்புறம்தான் அவர் உங்களைக் கூப்பிட்டார்."

"இதை நீயே எங்கிட்ட சொல்லியிருக்கலாமே?"

"நான் பாலேக்குப் போங்கன்னு சொன்னா போயிருப்பீங்களா?"

கண்ணாடிக்கடைக்காரர் வாழ்க்கையில் முதல் முறையாக, கடைசி வரி தெரியவில்லை என்று மெதுவாக ஒப்புக்கொண்டார்.

"மாட்டேன்."

"அதாங்க. நீங்க ஜெயிக்கணும்னு எனக்கு ஆசை இருக்காதா?"

அவர் பிளாக் பெல்ட்டின் முடிச்சை ஒரு முறை இறுக்கிக்கொண்டார். பிறகு கேட்டார்:

"அப்போ அறை?"

"அறையும் வேணும்னு ஆசை இருந்துச்சு."

"நான் மூட்டையைத் திரும்ப மாட்டிக்கிறேன்."

"தாராளமா மாட்டுங்க. கம்பியைக் கழட்டினாத்தான் இடம் வரும்."

"கம்பியைக் கழட்டினா ஒரு மாசத்துல இடுப்பு பழையபடி தூக்கிக்கும்" என்றார் டீச்சர். "அப்புறம் பிளாக் பெல்ட்டைக் கட்டிக்கிட்டு விழுவீங்க."

இரு பக்கமும் வழியில்லை. காலை ஆறு மணி வரை கம்பி அவருக்கு, ஆறுக்குப் பிறகு கொசுவலைக்கு என்று முடிவாயிற்று. விட்டால் போதும் என்று அவர் கதவை நோக்கி நகர்ந்தார்.

"என்னங்க, ஒரு நிமிஷம் இப்படி வந்து நில்லுங்க."

"எதுக்கு?"

"பொம்மைக்கு இன்னும் கால் வரல. ஓரம் சமமா இருக்கான்னு பார்க்கணும். கையை விரிங்க."

அவர் திகைப்பு நீங்கித் திரும்புவதற்குள் எட்டாவது கொசுவலை அவர் இடுப்பைச் சுற்றி ஏறிவிட்டது. கறுப்புப் பட்டைக்குக் கீழே வெள்ளை வெள்ளையாக விரிந்தது. மனைவி சுற்றி வந்து குண்டூசி குத்தினார்.

"ஆடாதீங்க. ஆடாம நிக்கத்தானே நாலு மாசம் கத்துக்கிட்டீங்க?"

"எவ்வளவு நேரம்?"

"அஞ்சு எண்ணுற வரைக்கும். ஒண்ணு..." என்று தொடங்கிய மனைவி, டீச்சரோடு பேசிக்கொண்டே டீ போட உள்ளே போனார். மறைக்கத் திரை இல்லாத ஜன்னலில் எதிர்வீட்டுக் கண்டக்டரின் தலை எழுந்தது.

"சார், அடி வாங்குறவன் இப்போ சிரிச்சே செத்துடுவான்" என்றது.

கண்ணாடிக்கடைக்காரர் அசையவில்லை. பயிற்சி வீண்போகவில்லை.

ஆகவே, அன்பரே, நாளை என்று தள்ளாதீர்கள். நல்ல நேரம் வரட்டும் என்று காத்திராதீர்கள். இன்றே, இந்தப் பக்கத்தை மூடிய கையோடு, எழுந்து உள்ளே போங்கள். தொடக்கத்தில் நான் கேட்டபோது உங்கள் நினைவுக்கு வந்ததே ஒன்று, அதை உங்கள் மனைவியிடம் சொல்லிவிடுங்கள். அவர் "தெரியுங்க" என்று சொன்னால் திடுக்கிட வேண்டாம். பிழைத்தீர்கள் என்று பொருள். ஆனால் "சரிங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பினால், தயவுசெய்து ஓடிப் போய், எந்த அறை என்று கேட்டுக்கொள்ளுங்கள்.